ஹைட்ரஜன் கட்டுரையில் விட்டுப்போன சூடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் அறிவியல் பக்கத்தில் ஹைட்ரஜன் எரிபொருள் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படிக்கும்போது எங்கோ ஒரு பத்தியைத் தவறவிட்டுவிட்டேனோ என்று சந்தேகம், அதனால்தான் இரண்டாவது தடவை. தவறவிடவில்லை. ஒரு புது உலோகத் தூள் வந்திருக்கிறது, தன் எடையில் இத்தனை சதவீதம் ஹைட்ரஜனைப் பிடித்து வைக்கிறது, இனி சேமிப்புப் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த முழுப் பக்கத்தில் சூடு, வெப்பம் என்ற இரண்டு சொல்லில் ஒன்றுகூட எங்கேயும் தட்டுப்படவில்லை. கிணறு வெட்டின கதையைத் தண்ணீரைப் பற்றிப் பேசாமலே சொல்லி முடித்த மாதிரி இருந்தது எனக்கு.

நான் பெரிய விஞ்ஞானி இல்லை. வெப்ப மாற்றிகளில், அதாவது சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தும் கருவிகளில், வேலை செய்கிறவன். ஆய்வுக்கூடத்தில் குழாய் வளைத்து, வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியைப் பற்றவைத்து, தண்ணீர் உள்ளே போகும்போது எத்தனை டிகிரி, வெளியே வரும்போது எத்தனை டிகிரி என்று குறித்துக்கொண்டே பதினைந்து வருடத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. அதனால் எதைப் பார்த்தாலும் இவனுக்கு வெப்பம்தான் தெரியும் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனாலும் ஹைட்ரஜன் விஷயத்தில் அந்தப் பார்வைதான் சரி என்று நினைக்கிறேன்.

முதலில் கட்டுரையில் சரியாக இருந்த பகுதி. ஒரு கிலோ ஹைட்ரஜனில் சுமார் 33 யூனிட் (கிலோவாட் மணி) ஆற்றல் இருக்கிறது, ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 தான். எடையைப் பார்த்தால் ஹைட்ரஜனுக்கு ஈடான எரிபொருளே இல்லை. ஆனால் அந்த ஒரு கிலோவைச் சாதாரண அழுத்தத்தில், சாதாரண வெப்பநிலையில் வைக்க சுமார் 12 கன மீட்டர் இடம் வேண்டும், அதாவது இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன அறை. அதைச் சுருக்க வேண்டும். எப்படிச் சுருக்கினாலும் நடுவில் வெப்பம் வந்து நிற்கிறது, எந்த வழியில் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

இப்போது சாலையில் ஓடும் ஹைட்ரஜன் கார்களில் இருப்பது 700 பார் அழுத்தச் சிலிண்டர், அதாவது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய 700 மடங்கு. அவ்வளவு அழுத்தியும் ஒரு லிட்டரில் சுமார் 40 கிராம்தான் நிற்கும். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 1.3 யூனிட். பெட்ரோல் லிட்டருக்கு 9 யூனிட்டுக்குப் பக்கத்தில். சரி, அது போகட்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம், அதே கதைதான் இங்கே பெரிய அளவில் நடக்கிறது. மூன்று நான்கு நிமிடத்தில் 5 கிலோவை உள்ளே தள்ளினால் சிலிண்டருக்குள் இருக்கும் வாயு மளமளவென்று சூடாகிறது. போதாததற்கு ஹைட்ரஜனுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. மற்ற வாயுக்களில் பெரும்பாலானவை ஒரு சின்ன துவாரம் வழியாக விரிந்து வரும்போது குளிரும், இது சாதாரண வெப்பநிலையில் விரிந்தால் கொஞ்சம் சூடாகும். மைனஸ் 71 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால்தான் மற்றவை மாதிரி நடந்துகொள்ளும். சிலிண்டரின் உள்ளுறை பிளாஸ்டிக், வெளியே சுற்றியிருப்பது கார்பன் இழை, இரண்டுமே சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாத சாமான்கள். 85 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு. அதனால் நிரப்பும் நிலையத்திலேயே ஹைட்ரஜனை மைனஸ் 40 டிகிரி வாக்கில் குளிரவைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். நிரப்பும் குழாய்க்குப் பின்னால் ஒரு குளிர்பதன இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கும் மின்சாரம் வேண்டும். காரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கட்டுரை எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்கலாம்.

அடுத்தது திரவமாக்கி வைப்பது. ஜேம்ஸ் டூவர் 1898இல் முதன்முதலாக ஹைட்ரஜனைத் திரவமாக்கினார், மைனஸ் 253 டிகிரியில். ஒரு லிட்டரில் 71 கிராம் கிடைக்கிறது, 700 பாரைவிட நல்ல கணக்கு. ஆனால் ஒரு கிலோவைத் திரவமாக்க இன்றைய ஆலைகள் 10 முதல் 13 யூனிட் வரை மின்சாரம் தின்கின்றன, உள்ளே இருப்பதே 33 தான். இதில் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லியிருக்கக்கூடிய அருமையான கதை ஒன்று இருக்கிறது, அது எப்படி விட்டுப்போனது என்று தெரியவில்லை.

ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள், அவற்றின் உட்கருக்கள் இரண்டும் ஒரே திசையில் சுழலலாம், எதிரெதிராகவும் சுழலலாம். ஒரே திசை என்றால் ஆர்த்தோ, எதிர் திசை என்றால் பாரா. சாதாரண வெப்பநிலையில் முக்கால் பங்கு ஆர்த்தோ, கால் பங்கு பாரா. திரவ நிலையில் ஏறக்குறைய முழுவதும் பாராவாக இருப்பதுதான் இயல்பு. ஆனால் அந்த மாற்றம் தானாக நடக்க நாள்கணக்கில் ஆகும், அவசரமாகக் குளிர்வித்தால் முக்கால் பங்கு ஆர்த்தோவாகவே திரவமாகிவிடும். அதை டேங்கில் ஊற்றி மூடி வைத்துவிட்டு வந்தால் உள்ளே ஆர்த்தோ மெள்ள மெள்ளப் பாராவாக மாறும், மாறும்போது வெப்பத்தை வெளியிடும். அப்படி முக்கால் பங்கு ஆர்த்தோ உள்ள ஒரு கிலோ முழுக்கப் பாராவாக மாறினால் சுமார் 527 கிலோஜூல். ஒரு கிலோ திரவ ஹைட்ரஜனைக் கொதிக்கவைத்து ஆவியாக்கத் தேவைப்படுவது சுமார் 446 கிலோஜூல்தான்! அதாவது டேங்கை வெளியிலிருந்து ஒரு சொட்டு வெப்பம்கூட நுழையாமல் மூடி வைத்தாலும் உள்ளே அடுப்பு தானாக எரியும், ஒரு பெரும் பகுதி ஆவியாகிப் போய்விடும். இதற்குத்தான் திரவமாக்கும் ஆலைகளில் வெப்ப மாற்றிக் குழாய்களுக்குள்ளேயே இரும்பு ஆக்சைடு வினையூக்கியை நிரப்பி வைக்கிறார்கள். குளிர்ந்துகொண்டே வரும் வழியில் மாற்றமும் நடந்து முடிந்துவிடும், வெளிவரும் சூட்டை அங்கங்கே எடுத்துவிடலாம். மைனஸ் 250இல் ஒரு ஜூலை வெளியேற்றுவதைவிட மைனஸ் 150இல் வெளியேற்றுவது எவ்வளவோ மலிவு. குழாய்க்குள் வினையூக்கியை எந்த அளவு மணியாகப் போடுவது, அழுத்த இழப்பு எவ்வளவு தாங்கும் என்று இன்றும் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. எனக்குப் பிடித்த வேலை அது, அதனால் கொஞ்சம் நீட்டிவிட்டேன்.

திரவத்தைப் பெரிய அளவில் வைப்பதென்றால் நிலைமை பரவாயில்லை. டேங்க் பெரிதாகப் பெரிதாக உள்ளே இருக்கும் சரக்கோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு, கசியும் வெப்பமும் விகிதத்தில் குறைவு. அமெரிக்காவில் கென்னடி விண்வெளி மையத்தில் நாசா புதிதாகக் கட்டிய கோளம் 4,700 கன மீட்டர் பிடிக்கும். இரட்டைச் சுவருக்கு நடுவே வெப்பத்தைத் தடுக்கும் பழைய பெர்லைட் பாறைத் தூளுக்குப் பதிலாக நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளைப் போட்டிருக்கிறார்கள். 2022இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜப்பானுக்குத் திரவ ஹைட்ரஜனைச் சுமந்துபோன சுயிசோ ஃபிரான்டியர் கப்பலின் டேங்க் 1,250 கன மீட்டர். இதே திரவத்தைக் காரில் ஒரு சின்ன டேங்கில் ஊற்றி, வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் வெளியூர் போய்வந்தால் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கட்டுரை கொண்டாடிய உலோகத் தூள். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த பொறியாளர் கை அகலச் சிலிண்டர் ஒன்றைக் கொடுத்து, நிரப்பி முடிக்கும்வரை கையில் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார். உள்ளே இருந்தது லான்தனமும் நிக்கலும் சேர்ந்த உலோகக் கலவைத் தூள். 10 பாரில் ஹைட்ரஜனைத் திறந்துவிட்டோம். இரண்டு நிமிடத்துக்குள் கையில் வைத்திருக்க முடியாத சூடு, மேசையில் வைத்துவிட்டேன். அதைவிட வேடிக்கை, சூடு ஏறினதும் ஹைட்ரஜன் உள்ளே போவது நின்றுவிட்டது. தூள் பாதிகூட நிரம்பவில்லை. தண்ணீர் வாளியில் அமிழ்த்தினோம், ஓட்டமானியின் முள் மறுபடியும் எழுந்தது. அப்புறம் நிரம்பிய சிலிண்டரை ஹைட்ரஜனிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் ஒரு சின்ன ஃபியூல் செல்லில் மாட்டி பல்பு எரியவிட்டோம். இப்போது நேர்மாறாக நடந்தது. சிலிண்டர் குளிர்ந்து, மேலே வியர்த்த மாதிரி நீர் அரும்பி, பல்பு மங்கிக்கொண்டே வந்தது. உள்ளே ஹைட்ரஜன் நிறைய இருக்கிறது, ஆனால் வெளியே வர மாட்டேன் என்கிறது. அதே வாளியில் இறக்கினதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. அந்தப் பெரியவர் விளக்கம் எதுவும் சொல்லாமல் தேநீர் குடிக்கப் போய்விட்டார். நான் அன்று கற்றுக்கொண்டதைத்தான் இன்றுவரை கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உலோகம் ஹைட்ரஜனை உள்வாங்குவது புது விஷயம் இல்லை. பல்லேடியம் தன் கன அளவைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு ஹைட்ரஜனை விழுங்குவதைத் தாமஸ் கிரஹாம் 1866இலேயே கண்டார். லான்தனம்-நிக்கல் கலவை 1960களின் கடைசியில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் காந்தங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் கண்ணில் தற்செயலாகப் பட்டது. அந்தப் படிகத்துக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் திரவ ஹைட்ரஜனில் இருப்பதைவிட நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன, அதுவும் சாதாரண வெப்பநிலையில், சில பார் அழுத்தத்தில். கேட்டால் மந்திரம் மாதிரி இருக்கும். உட்காரும்போது ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 15 மெகாஜூல் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது, எழுந்து வரும்போது அதே 15 மெகாஜூலைத் திருப்பிக் கேட்கிறது. கொடுக்காவிட்டால் வராது. ஹைட்ரஜனை எரித்தால் கிடைப்பது 120 மெகாஜூல் (முன்பு சொன்ன அதே 33 யூனிட்தான்), அதில் எட்டில் ஒரு பங்கு இந்தக் கொடுக்கல் வாங்கலிலேயே சுற்றுகிறது.

இதைக் காரில் வைத்துப் பாருங்கள். 5 கிலோ ஹைட்ரஜனை 5 நிமிடத்தில் நிரப்ப வேண்டும். 75 மெகாஜூல், 300 வினாடி. வகுத்தால் 250 கிலோவாட். வீட்டில் தண்ணீர் காயவைக்கும் 2 கிலோவாட் ஹீட்டர் 125ஐ ஒன்றாகப் போட்டால் வரும் சூடு, அத்தனையையும் ஒரு டேங்கிலிருந்து உடனுக்குடன் வெளியேற்றியாக வேண்டும். இந்தக் கலவை எடையில் 1.4 சதவீதம்தான் பிடிக்கும் என்பதால் தூள் மட்டுமே 350 கிலோவுக்கு மேல். மக்னீசியத்துக்குப் போனால் 7.6 சதவீதம், உங்கள் கட்டுரை தலைப்பில் போட்டுக் கொண்டாடத் தகுந்த எண்தான். ஆனால் வெப்பம் கிலோவுக்கு 37 மெகாஜூல், வெளியே எடுக்க 300 டிகிரி வாக்கில் சூடுபடுத்த வேண்டும், 5 நிமிடக் கணக்கு 600 கிலோவாட்டைத் தாண்டுகிறது. எடைச் சதவீதம் ஏற ஏற வெப்பம் பெரிய தலைவலியாகிறது. இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் முதல் எண்ணை மட்டும் சொல்வது பாதிக் கணக்கு.

சரி, குழாய் விட்டுக் குளிர்விக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். தூள் என்பதுதான் அங்கே வில்லங்கம். ஹைட்ரஜன் புகும்போது இந்தக் கலவை கன அளவில் கால் பங்கு வீங்குகிறது, வெளியேறும்போது சுருங்குகிறது. நான்கைந்து தடவை வீங்கிச் சுருங்கினாலே கட்டி நொறுங்கி மைக்ரான் அளவுத் தூளாகிவிடும். உலோகமாக இருந்தபோது நன்றாக வெப்பத்தைக் கடத்தியது, தூளானதும் மரக்கட்டை அளவுக்குத்தான் கடத்துகிறது, சில சமயம் அதைவிடவும் மோசம். வெளிச்சுவரைத் தொட்டுக்கொண்டு 20 டிகிரித் தண்ணீர் ஓடும், நடுவில் தெர்மோகப்பிள் 65 என்று காட்டும், அங்கேயே நிற்கும். சூடு ஏறினால் உலோகம் ஹைட்ரஜனை ஏற்கக் கேட்கும் அழுத்தமும் ஏறுகிறது. 25 டிகிரியில் இரண்டு பார் போதும் என்றது 65 டிகிரியில் எட்டு, ஒன்பது பார் கேட்கும், நீங்கள் கொடுப்பது 10 பார் என்றால் ஏறக்குறைய ஆட்டம் முடிந்தது. என் கையில் இருந்த சிலிண்டர் நின்றுபோனது இதனால்தான்.

ஆகவே இந்தத் துறையில் வெப்பப் பொறியாளர்கள் செய்வது என்னவென்றால், தூளின் தடிமனைக் குறைப்பது. பாதியாக்கினால் வெப்பம் வெளியேறும் நேரம் கால்வாசியாகும். அதற்காக அலுமினியத் துடுப்புகள் (சூட்டை வெளியே இழுக்கும் மெல்லிய தகடுகள்), சுருள் குழாய்கள், உலோக நுரை என்று உள்ளே நுழைக்கிறோம். விரித்த கிராஃபைட்டைத் தூளோடு கலந்து வில்லையாக அழுத்தினால் வெப்பக் கடத்தல் பல மடங்கு ஏறுகிறது, வில்லை என்பதால் தூள் அடியில் போய்ச் சேர்வதும் குறைகிறது. அடியில் சேர்ந்த தூள் வீங்கி, எஃகுக் குழாயையே வயிறு புடைத்த மாதிரி ஆக்கிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். நுழைக்கும் ஒவ்வொரு துடுப்பும் எடை, ஒவ்வொரு குழாயும் ஹைட்ரஜன் இல்லாத இடம். கொண்டாடிய 7.6 சதவீதம் முழு டேங்காகக் கட்டி முடிக்கும்போது பாதிக்கும் கீழே வந்துவிடுவது சாதாரணம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஆட்களும் சொக்கத்தங்கம் இல்லை. துடுப்பின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றிக் கணினியில் ஓட்டி, நிரப்பும் நேரம் இத்தனை சதவீதம் குறைந்தது என்று எழுதும் கட்டுரைகள் குவிகின்றன. அதில் பலவற்றில் தூளின் வெப்பக் கடத்துதிறன் முதல் நாள் முதல் கடைசி நாள்வரை மாறாத ஒரே எண். நூறு தடவை நிரப்பிக் காலி செய்த பிறகு அந்தத் தூளைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு எண்ணே கிடையாது என்று.

வெப்பத்தை வெளியே கொட்டாமல் உள்ளேயே பத்திரப்படுத்தி வைக்கலாமே என்று ஒரு அழகான யோசனை இருக்கிறது. மக்னீசியத் தூளைச் சுற்றி உருகக்கூடிய உப்பு. நிரப்பும்போது வரும் சூட்டில் உப்பு உருகும், ஹைட்ரஜன் வெளியே வரும்போது உப்பு உறைந்து அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். சோடியம் நைட்ரேட் சுமார் 307 டிகிரியில் உருகுகிறது, மக்னீசியத்துக்கு ஏற்ற ஜோடி. கணக்கு மட்டும் உதைக்கிறது. ஒரு கிலோ உப்பு உருகும்போது சுமார் 175 கிலோஜூல்தான் வாங்கும், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 37 மெகாஜூல் என்றால் 200 கிலோவுக்கு மேல் உப்பு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்காக! வண்டிக்கு ஆகாது. ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் சேமிப்புக் கலனுக்கு ஆகலாம், அங்கே எடையை யார் பார்க்கப்போகிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு இவர் உலோகத் தூளுக்கே எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். பொருந்தும் இடத்தில் வைத்தால் அருமையான சாமான். ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகளில் ஹைட்ரஜன் உலோகக் கலவையில்தான் இருக்கிறது. நீர்மூழ்கிக்கு அடிப்பாரம் எப்படியும் வேண்டும், எடை ஒரு குறையே இல்லை. துறைமுகத்தில் நிற்கும்போது நிதானமாக நிரப்பலாம், 5 நிமிட அவசரம் கிடையாது. ஃபியூல் செல் மின்சாரம் தரும்போது ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை 60 முதல் 80 டிகிரி வரை வீணாகத் தள்ளும், அந்த வீண் சூட்டையே தண்ணீரில் எடுத்துக்கொண்டு போய்க் கலவைக்குக் கொடுத்தால் ஹைட்ரஜன் வெளியே வருகிறது. மின்சாரம் அதிகம் கேட்டால் வீண் சூடும் அதிகம், ஹைட்ரஜனும் அதிகம், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடுகிறது. நான் வாளியில் செய்ததை அவர்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். பாதுகாப்பிலும் இந்தக் குணம் உதவுகிறது. எங்காவது ஓட்டை விழுந்தால் கொஞ்சம் ஹைட்ரஜன் வெளியேறும், தூள் குளிரும், கசிவு தானாகத் தணியும். ஆனால் 300 டிகிரி கேட்கும் மக்னீசியத்துக்கு 80 டிகிரி வீண் சூடு எதற்கும் உதவாது. அதற்கு உள்ளே இருக்கும் ஹைட்ரஜனிலேயே மூன்றில் ஒரு பங்கு அளவு ஆற்றலைச் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் 700, 800 டிகிரியில் ஓடும் வேறு வகை ஃபியூல் செல்லோடு ஜோடி சேர்க்க வேண்டும்.

எண்ணெயில் ஏற்றி வைப்பதும் அம்மோனியாவாக்கி வைப்பதும் இதே கதைதான். டொலுவீன் என்ற எண்ணெய் போன்ற திரவத்தில் ஹைட்ரஜனை ஏற்றினால் 6.2 சதவீதம், டேங்கரில் பெட்ரோல் மாதிரி கொண்டுபோகலாம், இறக்கும் இடத்தில் 300 டிகிரி வாக்கில் சூடு கொடுக்க ஆள் வேண்டும். ஊருக்கே மின்சாரம் தரும் அளவுக்கு மாதக்கணக்கில் சேமிப்பதென்றால் நிலத்தடி உப்புக் குகைகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் டீஸ்சைடில் 1972 முதல் ஹைட்ரஜனை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், சத்தமில்லாமல்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த தடவை யாராவது புதுத் தூளோடு உங்கள் நிருபரிடம் வந்தால், எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று கேட்டுவிட்டு அங்கேயே நிறுத்திவிட வேண்டாம். எத்தனை டிகிரியில் வெளியே வருகிறது, நிரப்பும்போது வரும் சூடு எங்கே போகிறது, அந்த எண் தூளுக்கா முழு டேங்குக்கா, எத்தனை தடவை நிரப்பிப் பார்த்தீர்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். நல்ல ஆய்வாளர் என்றால் சந்தோஷமாகப் பதில் சொல்வார், ஒரு மணி நேரத்துக்கு விடமாட்டார்.

அப்புறம் இரண்டு சின்னத் திருத்தங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனில் '33 கிலோவாட்' என்று அச்சாகியிருக்கிறது, அது 33 கிலோவாட் மணி. திரவ ஹைட்ரஜன் பெட்டிச் செய்தியில் 'மைனஸ் 20 கெல்வின்' என்று இருக்கிறது. 20 கெல்வின் என்று போடுங்கள், அல்லது மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் என்று போடுங்கள். மைனஸ் கெல்வினுக்குக் குளிர்விக்கும் டேங்க் யாரிடமாவது இருந்தால், அவர் விலாசத்தை எனக்கு அனுப்பிவையுங்கள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
வெப்ப மாற்றிகளோடு மல்லுக்கட்டும் பொறியாளன்